பொம்மை ரயிலுக்கு நான் பூசிய அழுக்கு

அழுக்குக்காக என்னை வேலையில் கீழே இறக்கிய அதிகாரி, மூன்று வருஷம் கழித்து, தன்னுடைய பொம்மை ரயிலுக்கு அழுக்குப் பூசித் தர ஆள் வேண்டும் என்று என்னையே கூப்பிட்டு அனுப்பினார். போனேன். பூசியும் கொடுத்தேன். எதைக் கலந்து பூசினேன் என்பதை என் மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. இப்போது அந்த அதிகாரி உயிரோடு இல்லை. இருந்திருந்தாலும் இதை எழுதியிருப்பேன். வயதாகிவிட்டது, மன்னித்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்வதற்காக எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் மன்னிக்கவில்லை.

ஐம்பதுகளின் தொடக்கத்தில், பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருந்த ஒரு இன்ஜின் ஷெட்டில் நான் பயர்மேன். கரியை வாரி அடுப்பில் போடுகிற வேலை. கிளீனராகச் சேர்ந்து, அடுத்தவர்கள் ஓட்டிவந்த இன்ஜின்களைத் துடைத்துத் துடைத்து, ஏழு வருஷம் கழித்துத்தான் அந்த இடத்துக்கு ஏறினேன். அதற்கடுத்த படி டிரைவர். திருவாடானைப் பக்கம் நிலபுலனோடு இருந்த குடும்பத்தில் எனக்குப் பெண் கொடுத்ததே அதை நம்பித்தான். மாப்பிள்ளை ரயில் ஓட்டப் போகிறார் என்று மாமனார் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

பாலத்தில் போய் வருகிற இன்ஜினின் கஷ்டம் மற்ற ஊர் இன்ஜின்களுக்குத் தெரியாது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் அலையின் தூவானம் பாலத்துக்கு மேலே எழும்பி வந்து பாய்லர் மேல் விழும். பாய்லர் சூட்டில் தண்ணீர் போய்விடும், உப்பு தங்கிவிடும். அதன்மேல் கரித்தூள் உட்கார்ந்தால் தோசைக்கல்லில் தீய்ந்துபோன மாவு மாதிரி பொருக்குத் தட்டிவிடும். எண்ணெய் தோய்த்த துணியால் அழுத்தித் துடைத்தால் அந்த நேரத்துக்குப் பளபளக்கும். அடுத்த நடை போய் வந்தால் பழையபடி நிற்கும். எங்கள் ஊர் ஜன்னல் கம்பிக்குக்கூட இந்த விஷயம் தெரியும்.

வெள்ளைக்கார அதிகாரிகள் போய் நம்மவர்கள் வந்த காலம் அது. எங்களுக்கெல்லாம் ரொம்பச் சந்தோஷம். முன்பெல்லாம் பாதியை வாயாலும் பாதியைக் கையாலும் சொல்ல வேண்டியிருந்தது. இனிமேல் தமிழில் சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தோம். புதிதாக வந்தவருக்குப் புரிந்தது. புரிந்துகொண்டுதான் செய்தார். என் ஆத்திரம் இத்தனை வருஷமாகியும் ஆறாமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

அவர் ஷெட்டைப் பார்வையிட வந்த காலையில் எங்கள் இன்ஜின் பாலத்திலிருந்து அப்போதுதான் வந்து நின்றிருந்தது. துடைக்கிறவர்கள் இன்னும் பக்கத்திலேயே வரவில்லை. வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை. சட்டைப்பையிலிருந்து ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, பாய்லரின் பக்கவாட்டில் கைப்பிடிக் கம்பிக்குக் கீழே ஒரு முழ நீளத்துக்கு இழுத்தார். கைக்குட்டை கறுப்பாகிவிட்டது. பாய்லரில் ஒரு கோடு மட்டும் சுத்தமாகத் தெரிந்தது.

"இது என்ன?" என்றார்.

டிரைவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொன்னேன்: "பாலத்துல இருந்து இப்பத்தான் வந்து நிக்கிதுங்கய்யா. இது உப்பு. எத்தன தடவ தொடச்சாலும் திரும்ப வந்துரும்."

"துடைக்க மனசு இருந்தா போகும்" என்றார் அவர்.

அத்தோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஷெட்டில் இருந்த எல்லோருக்கும் தெரிகிற மாதிரி கைக்குட்டையை உயர்த்திப் பிடித்தார். பிறகு அதை என் கையில் வைத்து, "இதை வச்சுக்கோ. இனிமே உனக்குத்தான் வேணும்" என்றார். அடுத்த வாரமே காகிதம் வந்துவிட்டது. பயர்மேனிலிருந்து என்னைக் கிளீனராக இறக்கியிருந்தார்கள். அழுக்குக்காக என்று எழுதியிருந்தது. எதிர்த்துப் பதில் சொன்னதற்காக என்பது ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும்.

நான் கரி வாரக் கற்றுக்கொடுத்த பயல்கள் இன்ஜின் மேலே நின்றுகொண்டு, "அண்ணே, இங்கன கொஞ்சம் தொடச்சு விடுங்க" என்றார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் வயிற்றெரிச்சல் வேறு இடத்தில் இருந்தது. பொங்கல் சீர் கொண்டுவந்த மாமனார், "பயர்மேன் வேல எப்படி மாப்ள போகுது?" என்று கேட்டபோது நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி, "நல்லாப் போகுதுய்யா" என்று பொய் சொன்னாள். அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதற்காக அவள் தன் ஊருக்குப் போவதையே குறைத்துக்கொண்டாள். சொந்தத் தங்கை கல்யாணத்துக்கு முகூர்த்த நேரத்துக்குச் சரியாகப் போய் நின்றாள். யாராவது என்னைப் பற்றி விசாரித்துவிடுவார்கள் என்று பந்தியில் உட்காராமலே திரும்பி வந்தாள். பசியோடு வந்து அடுப்பு மூட்டியவளைப் பார்த்தபோது, இதற்கு அந்த ஆளை ஒரு நாள் பதில் சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். எப்படி என்றுதான் தெரியவில்லை. கைக்குட்டையை டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டு வைத்தேன்.

மூன்று வருஷம் போயிற்று. ஒரு நாள் போர்மேன் சிரித்துக்கொண்டே வந்தார். "அய்யா பங்களாவுக்கு அழுக்கப் பத்தித் தெரிஞ்ச ஆளு வேணுமாம். ஒன்னய விட்டா வேற யாருய்யா இருக்கா?" என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் கேட்டிருந்தார்கள்.

கடலைப் பார்த்த பங்களா. உள்ளறையில் நீள மேசை. அதன்மேல் வட்டமாகப் போட்ட குட்டித் தண்டவாளத்தில் ஒரு பொம்மை ரயில் நின்றது. கொழும்பிலிருந்து கப்பலில் வரவழைத்ததாம். ஒரு முழ நீளத்தில் இன்ஜின், அதன் பின்னால் கரித்தொட்டி, மூன்று பெட்டிகள். எல்லாம் தகரம். இன்றைக்குத்தான் பிறந்தது போல மினுமினுத்தது. அதிகாரி ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையைப் பிரித்து ஒரு படத்தைக் காட்டினார். புகையேறி, துருவேறி நின்ற ரயில் ஒன்று அதில் இருந்தது.

"இது பொம்மை. சொன்னா நம்புவியா? அங்கெல்லாம் இதை ஒரு வித்தையா செய்யறாங்க. நானும் செஞ்சு பார்த்தேன், வரலை" என்றார்.

அவர் செய்து பார்த்தது ஒரு சரக்குப் பெட்டி, தனியாக ஓரத்தில் கிடந்தது. கறுப்புப் பெயிண்டை மேலும் கீழும் ஒரே மாதிரி அப்பியிருந்தார். அழுது மை கலைந்த குழந்தை முகம் மாதிரி இருந்தது.

"அழுக்கு இப்பிடி விழுகாதுங்கய்யா" என்றேன்.

"பின்னே எப்படி விழும்?"

சொன்னேன். புகைபோக்கியிலிருந்து வருகிற கரி முன்னால் விழாது, பின்னோக்கிப் படியும். முன்கதவு சாம்பல் நிறமாக வெளுத்திருக்கும், ஏனென்றால் உள்ளே சூடு அதிகம். பாய்லரில் தண்ணீர் கசிகிற மூடிகளுக்குக் கீழே சுண்ணாம்பு வழிந்த மாதிரி வெள்ளைக் கோடு இறங்கும். சக்கரத்தின் நடுவில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், ஆனால் தண்டவாளத்தில் உருளுகிற விளிம்பு வெள்ளியாக மின்னும். இன்ஜினை வட்ட மேடையில் வைத்துத் திருப்புவார்கள், பெட்டிகளை யாரும் திருப்புவதில்லை. அதனால் போகும்போதும் வரும்போதும் ஒரே பக்கம்தான் தென்கடலைப் பார்க்கும், அந்தப் பக்கம்தான் துரு அதிகம். அரை மணி நேரம் பேசியிருப்பேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார். அன்றைக்கு ஒரு வாக்கியத்துக்கு மேல் கேட்கப் பொறுமையில்லாதவர் இவர்தான்.

அதைவிட ஒன்று இருக்கிறது. அவருக்கு என்னை அடையாளமே தெரியவில்லை. "ஷெட்ல எத்தனை வருஷமா இருக்கே?" என்றார்.

"பத்து வருஷத்துக்கு மேலங்கய்யா."

"இன்னுமா கிளீனர்?" என்றார், நிஜமான அனுதாபத்தோடு.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். மூன்று வருஷமாகத் தூங்கும்போதும் விழிக்கும்போதும் நான் அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவரோ என்னை அன்றைக்கே மறந்துபோயிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பகலில் போய் வேலை செய்தேன். சிம்னி விளக்கின் புகைக்கரி, பழைய செங்கல்லை உரசிய தூள், ஷெட்டில் சுரண்டிய துரு, வெள்ளைக்குச் சிப்பிச் சுண்ணாம்பு. இன்ஜின் சாம்பலைப் பொடியாகச் சலிக்க மெல்லிய துணி வேண்டியிருந்தது. டிரங்குப் பெட்டியிலிருந்து அவருடைய கைக்குட்டையையே எடுத்துக்கொண்டு போனேன். அவர் கண் முன்னால் அதில்தான் சலித்தேன். அவருக்குத் தெரியவில்லை.

பொடிகள் தகரத்தில் ஒட்டுவதற்குக் கருவேலம் பிசினைத் தண்ணீரில் கரைத்துப் பூச வேண்டும். முதல் ஞாயிறு பங்களாவிலிருந்தே நல்ல தண்ணீர் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் நல்ல தண்ணீர் அருமைப்பட்ட பொருள். வெறும் பொம்மைக்கு அதில் ஒரு கிண்ணம் ஊற்றினார்கள். அந்த வாரம் இன்ஜின் துடைத்துக்கொண்டிருந்தபோது அவருக்குப் பதில் கொடுக்க எனக்கு ஒரு வழி புலப்பட்டது. அடுத்த ஞாயிறு வீட்டுக்குப் பின்னாலிருந்த கடலில் ஒரு பாட்டில் தண்ணீர் மொண்டு எடுத்துப் போனேன்.

"தண்ணி இங்கேயே இருக்கே" என்றார் அதிகாரி.

"இந்தப் பிசினுக்கு நான் கொண்டாந்த தண்ணிதான் பிடிக்குங்கய்யா. பழகிப்போச்சு" என்றேன்.

அத்தோடு ஒரு ஊசியை எடுத்து, பூசப்போகிற இடத்திலெல்லாம் பெயிண்டைத் தகரம் தெரியும் வரை கீறினேன். பூச்சு நன்றாகப் பிடிப்பதற்கு என்று சொன்னேன். உப்பு உள்ளே போவதற்கு வாசல் திறந்து வைத்தேன் என்பதுதான் உண்மை. அதிகாரி தன் மனைவியைக் கூப்பிட்டு, "பார், இவனுக்கு எவ்வளவு பொறுமை" என்று காட்டினார். அந்த அம்மாள் எனக்குக் காபி கொடுக்கச் சொன்னார்கள். குடித்தேன்.

அன்றைக்கு என் மனைவியிடம் சொன்னேன். "அவுக வீட்டுச் சாமானக் கெடுத்து ஒங்களுக்கு என்ன கெடைக்கப் போகுது?" என்றாள்.

"ஒண்ணும் கெடைக்காது."

"கண்டுபிடிச்சுட்டாகன்னா?"

"பாலத்துல போற ரயிலு. உப்பு இருக்கத்தான செய்யும்?"

அவள் விளக்கைத் தணித்துவிட்டுப் படுத்துவிட்டாள். ஆனால் அடுத்த ஞாயிறு காலையில் நான் எழுந்தபோது பாட்டிலை நிரப்பி, மூடி போட்டு, வாசலில் எடுத்து வைத்திருந்தாள்.

பொம்மை இன்ஜினுக்கு நம் ஷெட்டு இன்ஜின் ஏதாவது ஒன்றின் எண்ணை எழுது என்று அதிகாரியே சொல்லியிருந்தார். என்னை இறக்கக் காரணமான அந்த இன்ஜினின் எண்ணை எழுதினேன். எண்ணை எழுதிய பிறகு கை தானாகவே மற்றதையும் செய்தது. பாய்லர் பக்கவாட்டில், கைப்பிடிக் கம்பிக்குக் கீழே, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கோடு மட்டும் அழுக்கில்லாமல் விட்டுவிட்டேன்.

வேலை முடிந்ததும் அவருக்கும் மேலே இருந்த ஒரு பெரிய அதிகாரியும் விருந்தாளிகளும் ஒரு சாயங்காலம் தேநீருக்கு வந்தார்கள். என்னைத் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வரச் சொல்லி, கதவோரம் நிறுத்தி வைத்தார்கள். பெரியவர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். சக்கரத்தைப் பாராட்டினார். பெட்டியின் தென்புறத் துருவைப் பார்த்து அசந்துபோனார். அப்புறம், "இங்கே மட்டும் ஏன் ஒரு கோடு சுத்தமா இருக்கு?" என்றார்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். எத்தனையோ தடவை மனதுக்குள் ஒத்திகை பார்த்த நேரம் வந்துவிட்டது.

"அது அய்யாவோட கைக்குட்டை ஓடுன எடம்" என்றேன்.

அதிகாரி குனிந்து எண்ணைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஞாபகம் வந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. இத்தனை பேர் நடுவில் அந்த முகம் சுருங்கப் போவதைப் பார்க்கத் தயாராக நின்றேன். அவர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"அது நீதானா?" என்றார். பிறகு விருந்தாளிகளுக்கு அந்தக் கதையைச் சொன்னார். வெள்ளைக் கைக்குட்டையால் ஷெட்டையே நடுங்க வைத்த கதை. எல்லோரும் சிரித்தார்கள். "தண்டனை வீண் போகலை. அழுக்கை எப்படிப் படிச்சிருக்கான் பாருங்க" என்றார் பெரியவர். "சரி, இவனைத் திரும்ப பயர்மேன் ஆக்கிடச் சொல்றேன்" என்றார் எங்கள் அதிகாரி. இன்னும் இரண்டு கப் தேநீர் கொண்டு வா என்று சொல்கிற அதே குரலில்தான் அதையும் சொன்னார்.

நான் கைகூப்பினேன். அந்தக் கையை இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது.

சொன்னபடியே காகிதம் வந்தது. கரி வாருகிற ஷவலைத் திரும்பக் கையில் பிடித்தேன். என் மனைவி ஊருக்குப் போய் நான்கு நாள் இருந்துவிட்டு வந்தாள். கொஞ்ச நாளில் அதிகாரிக்கு வடக்கே, கடலே இல்லாத ஊருக்கு மாற்றலாயிற்று. ரயிலைப் பெட்டியில் கட்டித் தர என்னைத்தான் கூப்பிட்டார். கிளம்பும்போது என் மனைவி சொன்னாள்: "வேலதான் திரும்பக் கெடச்சிருச்சுல்ல. அதக் கழுவிட்டு வந்துருங்க."

கழுவலாம் என்ற எண்ணத்தோடுதான் போனேன், பாதி எண்ணம். மூலையில் நல்ல தண்ணீர்ப் பானை இருந்தது. நாலைந்து முறை அலசித் துணியால் ஒற்றினால் உப்பு போய்விடும். போகிற பூச்சை ஒரே நாளில் திரும்பப் பூசிவிடலாம். இன்ஜினைக் கையில் எடுத்துக்கொண்டு பானைப் பக்கம் இரண்டு எட்டு வைத்தேன். அப்போது அவர் உள்ளே வந்தார். என் தோளில் கை போட்டார்.

"என்னப்பா, இப்பவாவது துடைக்கக் கத்துக்கிட்டியா?" என்றார். அன்பாகத்தான் கேட்டார்.

"கத்துக்கிட்டேங்கய்யா" என்றேன். இன்ஜினை அப்படியே வைக்கோலில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து ஆணி அடித்தேன். அன்று அவசரப்பட்டுவிட்டேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கழுவியிருப்பேன். இப்படித்தான் இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மையிலேயே கழுவியிருப்பேனா என்று தெரியவில்லை.

இரண்டு மழைக்காலம் கழித்து, ஷெட்டு விலாசத்துக்கு என் பெயரில் கடிதம் வந்தது. அவர் கையெழுத்து. எழுதியிருந்தது இதுதான்: நீ செய்து கொடுத்த ரயிலில் வெள்ளையாக என்னவோ பூக்கிறது. முதலில் அதுவும் உன் கைவேலை என்று வந்தவர்களிடம் பெருமையாகக் காட்டினேன். இப்போது பெட்டிகளின் தகரம் பொரிந்து உதிர்கிறது, சக்கரங்கள் இறுகிவிட்டன, மழை நாளில் இன்ஜினுக்கு அடியில் ஈரம் கசிகிறது. வேறு யாரையும் தொட விடாமல் நானே தினமும் உட்கார்ந்து துடைக்கிறேன். எத்தனை தடவை துடைத்தாலும் திரும்ப வந்துவிடுகிறது. இதைப் பற்றி உனக்குத்தான் தெரியும். என்ன செய்ய வேண்டும் என்று உடனே எழுது.

எத்தனை தடவை துடைத்தாலும் திரும்ப வந்துவிடுகிறது. அந்த வரியை மட்டும் நான்கு தடவை படித்தேன். பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். என் வாழ்க்கையில் அப்படி நான் சந்தோஷப்பட்ட நாட்கள் குறைவு.

கடிதத்தைப் படித்துக் காட்டியபோது என் மனைவி சிரிக்கவில்லை. "நல்ல தண்ணியில ரெண்டு நாளு ஊறப்போட்டுக் காய வச்சா நின்னுரும்னு நீங்கதான சொன்னீக. அத எழுதுங்க. பாவம், அவுகளே ஒக்காந்து தொடைக்கிறாக" என்றாள். அவள் சொன்னது சரி. மீதியையாவது அப்போதும் காப்பாற்றியிருக்கலாம். அதற்கு ஒரு வரி எழுதினால் போதும்.

டிரங்குப் பெட்டியைத் திறந்து கைக்குட்டையை எடுத்தேன். சாம்பல் சலித்ததில் அது சாம்பல் நிறமாகவே ஆகியிருந்தது. நான்காக மடித்து உறைக்குள் வைத்தேன். உறையை ஒட்டக் கோந்து கேட்டேன். அவள் எடுத்துத் தராமல் கொல்லைக்குப் போய்விட்டாள். பானையிலிருந்து ஒரு சோற்றுப் பருக்கையை எடுத்து நானே ஒட்டினேன். ஒட்டுவதற்கு முன்னால், ஒரு துண்டுத் தாளில் எழுதி உள்ளே வைத்தது இவ்வளவுதான்:

"இதை வச்சுக்கோங்க, அய்யா. இனிமே உங்களுக்குத்தான் வேணும். துடைக்க மனசு இருந்தா போகும்."

கீழே கையெழுத்துப் போட்டு, பயர்மேன் என்று எழுதினேன்.